குளிரில் ஓடலாம், புகையில் ஓடலாமா?

“மார்கழிக் குளிரில் ஓட்டமா? உனக்கு என்ன வந்தது?” என்று விடுதித் தோழர்கள் என்னைக் கேலி செய்யாத நாள் இல்லை. நான் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவன். அங்கே மார்கழிக்கு ஒரு போர்வை போதும். இங்கே தில்லியில் இரண்டு ரஜாய்களுக்குள் கிடந்தாலும் பற்கள் தாளம் போடுகின்றன. ஆயினும், பிப்ரவரி இறுதியில் இந்நகரில் நடைபெறும் மாரத்தானில் ஓடுவது என்று முடிவு செய்தேன். 42.195 கிலோமீட்டர் ஓட நான்கு மாதப் பயிற்சியாவது வேண்டும். அந்த நான்கு மாதமும் குளிர் மாதங்களே!

நம் சங்கத்து நண்பர்களிடையே இதுபற்றி இரண்டு கட்சிகள் உண்டு. “குளிரில் ஓடினால் நெஞ்சில் சளி கட்டும், இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கு” என்பது ஒரு கட்சி. “எது வந்தாலும் ஒருநாள்கூட நிற்காதே, அதுதான் வீரம்” என்பது மற்றொரு கட்சி. நான் இரண்டாம் கட்சியில் இருந்தவன். இன்று இரண்டுமே தவறு என்கிறேன்.

முதலில் குளிரை எடுத்துக்கொள்வோம். ஓடுகிறவனுடைய உடல் ஓர் உலை. அதில் எழும் வெப்பம் எளிதில் வெளியேறக் குளிர்ந்த காற்று உதவுகிறது. நெடுந்தூர ஓட்டத்துக்கு ஏற்ற வெப்பநிலை ஏறக்குறைய 10 டிகிரி. ஜப்பானில் அரசுப் பள்ளி ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே ஓடியவர் யூகி கவவுச்சி. அவர் 2018 புத்தாண்டு நாளன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், உறைநிலைக்கும் 17 டிகிரி கீழே இருந்த குளிரில் ஒரு மாரத்தானை ஓடி முடித்தார். அதே ஆண்டு ஏப்ரலில், கொட்டும் குளிர்மழையிலும் எதிர்காற்றிலும் பாஸ்டன் மாரத்தானை வென்றார். பெயர் பெற்ற வீரர் பலர் அன்று பாதியிலேயே விலகினர். குளிர் பழக்கத்துக்கு வசப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

செய்யவேண்டியவை சிலவே. தடித்த கம்பளிச் சட்டை ஒன்றைவிட மெல்லிய சட்டைகள் இரண்டு மூன்று மேல். பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் உலராமல் உடலைச் சில்லிட வைக்கும். காதுக்குக் குல்லாயும் கைக்கு உறையும் வேண்டும். புறப்படுமுன் பத்து நிமிடம் நடந்து உடலைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். தாகம் தோன்றாவிட்டாலும் நீர் அருந்த வேண்டும். இவ்வளவே.

ஆனால், தில்லியில் நம் பகை குளிர் அன்று. குளிரோடு சேர்ந்து இறங்கும் புகை. தீபாவளி கழிந்த ஒரு காலையில் காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டியிருந்தது. ‘கடுமை’ என்னும் வகை அது. பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டேன். வீரம் அல்லவா! 18 கிலோமீட்டர் ஓடினேன். மூன்று வாரம் இருமினேன். ஒருநாள் நின்றிருந்தால் ஒருநாள் பயிற்சி போயிருக்கும். நிற்காததால் இருபது நாள் போயிற்று.

காரணம் எளிது. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது. அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் அமர்கிறது. வண்டிப் புகை, தூசி, குப்பை எரிக்கும் புகை, அறுவடைக்குப்பின் வயல்களில் தாள் எரிக்கும் புகை எல்லாம் அதற்குள் அடைபடுகின்றன. சும்மா இருக்கையில் நாம் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். ஓடும்போது அது பத்து மடங்கு வரை உயர்கிறது. அதையும் மூக்கால் வடிகட்டாமல் வாயால் இழுக்கிறோம். 2017இல் தில்லி அரை மாரத்தானை ஒத்திவைக்க வேண்டும் என்று இந்திய மருத்துவச் சங்கமே கேட்டது. அவர்கள் கோழைகளா?

இன்னொன்றும் கற்றேன். வைகறையில் எழுதல் நன்று என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தில்லியின் குளிர்காலத்தில் ஓடுகிறவனுக்கு அது பொருந்தாது. கதிரவன் ஏறித் தரை சூடானபின்தான் அந்த மூடி சற்றே விலகுகிறது. ஆகவே, வகுப்பில்லாத பிற்பகலே தக்க நேரம். குறியீடு 300ஐத் தாண்டிய நாளில் வெளியே ஓடாமல், உள்ளே படியேறலாம். உடலை வலுவாக்கும் பயிற்சி செய்யலாம்.

இருமிக்கொண்டிருந்த நாளில் எங்கள் விடுதிக் காவலர் கேட்ட கேள்வி இன்னும் என்னை உறுத்துகிறது. இரவெல்லாம் சுள்ளியும் அட்டையும் எரித்துக் குளிர் காய்கிறவர் அவர். “பேட்டா, வயிற்றுப்பாட்டுக்காக நான் இந்தப் புகையில் உட்கார்ந்திருக்கிறேன். உன்னை யார் ஓடச் சொன்னது?” என்றார். என்னிடம் விடை இல்லை. நிற்பதா ஓடுவதா என்று தெரிவு செய்யும் வசதி எனக்கு உண்டு, அவருக்கு இல்லை. அந்த வசதியை வீணாக்கியதையா நான் வீரம் என்று எண்ணினேன்?

எனவே நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, அன்றன்றைய காற்றுக் குறியீட்டை விடுதிப் பலகையில் எழுதுவோம். 300க்கு மேல் இருந்தால் ஓட்டம் இல்லை என்று நமக்கு நாமே விதி செய்வோம். மற்றொன்று, இரவுக் காவலர்கள் குப்பையும் விறகும் எரிக்காதிருக்க, விடுதி வாயிலில் மின்கணப்பு வைக்குமாறு நிர்வாகத்திடம் மனுக் கொடுப்போம். காலம் தாழ்ந்தால் நாமே காசு சேர்த்து ஒன்று வாங்குவோம்.

பிப்ரவரியில் நான் ஓடத்தான் போகிறேன். ஓடத் தெரிந்தவனுக்கு நிற்கவும் தெரியவேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டு ஓடப் போகிறேன். தோழர்களே, உடன் வருகிறவர்கள் பிற்பகல் மூன்று மணிக்கு விடுதி வாயிலுக்கு வாருங்கள். குல்லாயை மறக்காதீர்கள்!