வயிற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு

சர்க்கரை நோயைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் கோயில் பிராகாரத்தில் அமர்ந்துகூடத் தாராளமாகப் பேசுகிறோம். உட்கொள்ளும் மாத்திரையின் பெயரைக்கூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல், வயிறு உப்புதல் என்றால் பேச்சு நின்றுவிடும். இந்தக் கூச்சத்தினாலேயே ஒரு நோய் பல இல்லங்களில் பெயரில்லாமல் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறது. மருத்துவர்கள் அதனைச் சுருக்கமாக ஐ.பி.எஸ். என்பர். காவல்துறையின் உயர் பதவிக்கும் தமிழில் அதே எழுத்துகள் என்பதால், பெயரைச் சொன்னதும் கேட்பவர் சிரிப்பதுண்டு. அனுபவிப்பவருக்கு அது சிரிக்கும் காரியமன்று.

எரிச்சலுறு குடல் நோய் எனப்படும் இதனை இனங்காண மருத்துவ உலகம் 'ரோம் அளவுகோல்' என்ற விதிமுறையைப் பின்பற்றுகிறது. 2016-இல் திருத்தப்பட்ட அதன் நான்காம் பதிப்பின்படி, கடந்த 3 மாதங்களாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி மலங்கழிப்பதோடு தொடர்புடையதாகவோ, மலங்கழிக்கும் தடவைகளிலும் மலத்தின் தன்மையிலும் மாற்றத்தோடு வருவதாகவோ இருக்க வேண்டும். இவற்றுள் இரண்டேனும் பொருந்த வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்குப் போக்கு, சிலருக்குச் சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி வரும். இது குடலை அரித்துப் புண்ணாக்குவதில்லை. புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

இதில் நோயாளியை அதிகம் வருத்துவது பரிசோதனை முடிவுதான். இரத்தம் சரி, ஸ்கேன் சரி, உட்புறம் காட்டிய கருவியிலும் சரி என்று அறிக்கை வரும். உடனே வீட்டார், “எல்லாம் மனப்பிரமை, நாங்களும் அதே சாம்பாரைத்தானே சாப்பிட்டோம்?” என்று கேட்டுவிடுவர். இந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கிறது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நோய் உடையவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஒரே வகைச் சர்க்கரைப் பொருளை அருந்தக் கொடுத்து, எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்தனர். 2017-இல் அதன் முடிவு வெளியாயிற்று. பெருங்குடலில் சேர்ந்த வாயு இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே அளவுதான். ஆனால் நோயுடையவர்கள்தாம் கூடுதலாக வலியையும் உபாதையையும் உணர்ந்தனர். அதாவது, குறை சாம்பாரில் மட்டும் இல்லை; குடலின் நரம்புகள் அதனை உணரும் விதத்தில் இருக்கிறது. வலி மெய்யானதே. மனக்கவலை அதனை மிகுதிப்படுத்தலாம். அதனால் வலி கற்பனையாகிவிடாது.

அடியேன் மருத்துவன் அல்லன். வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆகவே உணவைப் பற்றிச் சொல்லுமுன் ஓர் எச்சரிக்கை. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, உறக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் எவருக்கேனும் குடற்புற்று - இவற்றுள் ஒன்று இருந்தாலும் உணவுப் பரிசோதனை வேண்டா. முதலில் மருத்துவரிடம் செல்க. மற்றவர்களும் மருத்துவரின் உறுதி பெற்ற பின்னரே தொடங்க வேண்டும். குறிப்பாக, கோதுமையை நிறுத்துமுன் 'சீலியாக்' எனப்படும் நோய்க்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. கோதுமையை நிறுத்திவிட்ட பிறகு அந்தப் பரிசோதனை, நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

இனி உணவுக்கு வருவோம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ஆம் ஆண்டு முதல் உலகுக்கு அறிமுகம் செய்த முறை ஒன்று உண்டு. சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படாத சிலவகைச் சர்க்கரைகளை அவர்கள் 'ஃபாட்மேப்' என்ற தொகுப்புப் பெயரால் குறித்தனர். இவை குடலுக்குள் நீரை இழுக்கும். பெருங்குடலை அடைந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் இவற்றை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்கும். ஆரோக்கியமான குடல் இதைப் பொருட்படுத்துவதில்லை. நொந்த குடல் பொறுப்பதில்லை.

நம் சமையலறையில் இவை எங்கே இருக்கின்றன? வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றில் ஒரு வகை. கொண்டைக்கடலை, ராஜ்மா, துவரம்பருப்பு முதலியவற்றில் இன்னொரு வகை. பாலில் உள்ள லாக்டோஸ் மூன்றாவது. தேன், மாம்பழம், ஆப்பிள் ஆகியவற்றில் மிகுதியாக உள்ள பழச்சர்க்கரை நான்காவது. காலிஃபிளவர், காளான் போன்றவற்றில் ஐந்தாவது. ரவை உப்புமாவும் சேமியாவும் கோதுமைக் கணக்கிலேயே சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மறுபுறம், அரிசி இத்தகைய குடலுக்கு நல்ல நண்பன். கேரட், கத்தரிக்காய், வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு, அளவோடு பீன்ஸ், பழங்களில் ஆரஞ்சு, பப்பாளி, அன்னாசி ஆகியவை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். வாழைப்பழம் மிகக் கனியாமல் பதமாக இருக்க வேண்டும். கனியக் கனிய அதில் இந்தச் சர்க்கரை கூடுகிறது.

இந்தக் கண்ணோட்டத்தில் நம் விரத நாட்களைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அமாவாசை, ஏகாதசி முதலிய நாட்களில் வெங்காயமும் பூண்டும் இல்லாத உணவை உண்ணும்போது, “இன்று வயிறு அமைதியாக இருக்கிறது” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கலாம். அவர்களுடைய குடலுக்கு அவ்விரண்டும் பகை என்பதற்கு அது ஒரு குறிப்பாக இருக்கக்கூடும். வேறு சிலரோ விரதத்தன்றுதான் அதிகம் அவதியுறுவர். அன்றைய ஆகாரம் பாலும் மாம்பழமும் தேனுமாக இருந்தால் இரண்டு வகைச் சர்க்கரைகள் வெறும் வயிற்றில் ஒருங்கே இறங்குகின்றன. அதற்கு விரதத்தைக் கைவிட வேண்டியதில்லை. அன்றைய ஆகாரத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

மேற்கண்ட பட்டியலைப் படித்தவுடன், “அப்படியானால் இவை எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன்” என்று கிளம்புவோர் பலர். பெரிய ஆபத்து இங்கேதான் இருக்கிறது. என்னுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் காசாளராக இருந்தார். பணம் திறந்திருக்கும் கூண்டை விட்டு நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாது. ஆகவே காலையில் எதையும் உண்ணாமல் வருவார். மாலையில் கணக்கு முடித்து வீட்டுக்குப் போய் ஒரே வேளையாக வயிறு நிறைய உண்பார். இரவெல்லாம் வலி. ஒவ்வொரு வலிக்கும் ஓர் உணவைக் குற்றவாளியாக்கி நிறுத்தினார். பருப்பு போயிற்று, காய்கள் போயின, பழங்கள் போயின. இறுதியில் மோர்சாதமும் ரொட்டியும் மிஞ்சின. உடல் இளைத்தது. மாதந்தோறும் பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்தவர், வழியில் கழிப்பறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சத்தில் அதையும் விட்டுவிட்டார். உறவினர் திருமணங்களுக்குக்கூடப் போவதில்லை. நோய் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது உணவை மட்டுமன்று.

பிறகு ஓர் உணவியல் வல்லுநரின் வழிகாட்டலில் அவர் முறையாகச் சோதித்தபோது தெரியவந்தது என்ன? அவர் நம்பி உண்டு வந்த ரொட்டியும் மோரும்தான் அவருக்குப் பெருமளவு ஆகாதவை. அஞ்சி விலக்கியிருந்த காய்களில் பல ஒத்துக்கொண்டன. பாசிப்பருப்பும் அளவோடு உண்டால் தொல்லை தரவில்லை.

மோனாஷ் முறையின் சாரமும் இதுதான். அதில் மூன்று படிகள் உண்டு. முதற்படியில் அந்த ஐந்து வகைகளையும் 2 முதல் 6 வாரங்கள் வரை மட்டும் குறைக்க வேண்டும். குணம் தெரியாவிட்டால் இந்த முறை தமக்கு உரியதன்று என்று கொண்டு பழைய உணவுக்குத் திரும்பிவிட வேண்டும். குணம் தெரிந்தால் இரண்டாம் படி: மற்ற உணவை மாற்றாமல், ஒரு நேரத்தில் ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு, மூன்று நாட்கள் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். இடையில் சில நாட்கள் வயிற்றுக்கு ஓய்வு தந்து, அடுத்த வகைக்குச் செல்ல வேண்டும். மூன்றாம் படியில், ஒத்துக்கொண்டவற்றையெல்லாம் மீண்டும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வாதவற்றை மட்டும் ஒவ்வாத அளவில் விலக்கி வாழ வேண்டும். பாதிக்கு மேற்பட்டோர் இதனால் பயன் பெறுகின்றனர்.

வங்கியில் ஐந்தொகை சமப்படாவிட்டால் எல்லாப் பேரேடுகளையும் தூக்கி எறிந்துவிட மாட்டோம். ஒவ்வொரு பதிவாகச் சரிபார்த்து, பிழை எங்கே என்று கண்டுபிடிப்போம். வயிற்றின் கணக்கும் அவ்வாறே. என்ன உண்டோம், எத்தனை மணிக்கு, எவ்வளவு, பிறகு எப்படி இருந்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவது பாதி வேலையை முடித்துவிடும். விலக்குதல் சோதனைக்காக; திரும்பச் சேர்த்தலே நோக்கம். முதற்படியிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டால் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் குறையும்; குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் பட்டினி கிடக்கும். பருப்பை முக்கியப் புரதமாகக் கொண்ட சைவ உணவுக் குடும்பங்கள் இதில் இருமடங்கு கவனமாக இருத்தல் அவசியம். கொண்டைக்கடலையை இரவு முழுதும் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் வேகவைத்து வடித்தால் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். பூண்டின் மணம் வேண்டுவோர் எண்ணெயில் அதனை வதக்கி, பற்களை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் சமைக்கலாம். அச்சர்க்கரை எண்ணெயில் கரைவதில்லை.

பக்தர்கள் மனத்தில் எழும் கேள்வி ஒன்று உண்டு: பிரசாதத்தை என்ன செய்வது? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்தையே எடுத்துக்கொள்வோம். வாழைப்பழம், தேன், பேரீச்சை என்று அதில் இருப்பவை பலவும் இந்தக் குடலுக்குச் சோதனைதான். ஆனால் இந்தச் சர்க்கரைகளின் விளைவு அளவைப் பொறுத்தது. ஒரு கிண்ணம் துன்பம் தரும்; விரல்நுனி அளவு பெரும்பாலும் தராது. பிரசாதத்தை உள்ளங்கையில் ஏற்று, கண்களில் ஒற்றி, சிறிதளவு வாயிலிட்டு, எஞ்சியதை உடன் வந்தவர்களுக்குப் பகிர்ந்தளிப்பதே நம் முன்னோர் வழக்கம். அவ்வழக்கத்தை மீறாதவருக்கு மறுக்க வேண்டிய நிலையே பெரும்பாலும் எழாது. சுண்டலில் நான்கு மணி உண்பதும் தொன்னை நிறைய உண்பதும் வயிற்றின் கணக்கில் வெவ்வேறு பதிவுகள். புளியோதரையில் வெங்காயமும் பூண்டும் இல்லை என்றாலும் காரமும் எண்ணெயும் உண்டு. அங்கும் அளவே காப்பு.

இந்த முறைக்குப் போகுமுன்பே எளிய சில பழக்கங்கள் பலருக்குப் போதுமானவையாக அமைகின்றன. வேளை தவறாமல் உண்க; நீண்ட நேரம் பட்டினி கிடந்து பிறகு நிரப்பாதீர்கள். மென்று, அமர்ந்து, அவசரமின்றி உண்க. காபியும் தேநீரும் சேர்த்து நாளொன்றுக்கு 3 குவளைக்குமேல் வேண்டா என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. காபி பெருங்குடலின் அசைவைத் தூண்டுவது. மிளகாயின் காரம் குடலின் வலி நரம்புகளைச் சீண்டும். நார்ச்சத்து வேண்டுமென்று கோதுமைத் தவிட்டை அள்ளிப்போடுவது சிலருக்கு வலியைக் கூட்டிவிடும். அதற்குப் பதில் இசப்கோல் உமியைச் சிறிதளவில் தொடங்கி, போதிய நீருடன் உட்கொள்வது பயன் தரும்.

இல்லத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பந்தியில், “ஒரு கரண்டி போட்டுக்கொள்ளுங்கள், ஒன்றும் செய்யாது” என்று அன்பினால் வற்புறுத்துகிறோம். மருமகள் வேண்டாமென்றால் அத்தைக்கு மனத்தாங்கல்; மாமனார் மறுத்தால், சமையல் பிடிக்கவில்லையோ என்று மருமகளுக்கு ஐயம். அந்த மறுப்பின் பின்னால் இரவெல்லாம் உறங்காத ஒரு வயிறு இருக்கலாம். குழம்பில் வெங்காயம் சேர்க்குமுன் ஒரு கிண்ணம் தனியே எடுத்து வைப்பது பெரிய சிரமமன்று. வெளியூர் கோயிலுக்குப் புறப்படுகையில் கழிப்பறை வசதியை முன்னதாகவே விசாரித்துச் சொல்வதும் அன்புதான்.

காசாளர் நண்பர் இப்போது மீண்டும் கிரிவலம் வருகிறார். கையில் ஒரு சிறு பொட்டலத்தில் இட்லியும், சட்டைப்பையில் அந்தக் குறிப்பேடும் இருக்கும். அதில் விலக்க வேண்டியவை என்று அவர் எழுதி வைத்திருப்பவை நான்கே வரிகள்.