புதிய பிரேக் பேடு உரசுகிறதா?

மோட்டார் சைக்கிளுக்குப் புதிய பிரேக் பேடு பொருத்திய அன்றே முன் சக்கரம் உரசி ஒலிப்பதைக் கேட்டுக் கலங்குவோர் பலர். “ஓட ஓடச் சரியாகிவிடும்” என்பதே அவர்கட்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை. அது பாதி உண்மை. மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் வாகனமாதலின், மீதிப் பாதியையும் வாசக அன்பர்கள் அறிந்திருத்தல் நலமெனக் கருதுகிறோம்.

டிஸ்க் பிரேக்கில், கைப்பிடியை அழுத்துங்கால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனைச் சூழ்ந்த ரப்பர் வளையம் சற்றே வளைந்து கொடுக்கிறது. பிடியை விட்டதும் அவ்வளையம் தன்னிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழையளவு பின்வாங்கச் செய்கிறது. பேடுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இடைவெளி அவ்வளவே. ஆகவே மெல்லிய உரசல் இயல்பானதே. புதிய பேடு டிஸ்க்கோடு படியப் படிய அது குறையும்.

இயல்பு எது, கோளாறு எது என்று அறிவது எங்ஙனம்? வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்புறத்தை அழுத்திக்கொள்ள, பிரேக்கை ஒருமுறை பிடித்து விட்டு, முன் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். மெல்லொலியோடு தடையின்றிச் சுழன்றால் அஞ்ச வேண்டுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் உரசினால் டிஸ்க் கோணியிருக்கலாம். சுழற்றியவுடனே நின்றுவிடின் பிரேக் இறுகியிருக்கிறது.

இறுகுவதற்குக் காரணங்கள் பொதுவாக மூன்று. பழைய பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்து, அதன்மீது தூசியும் அழுக்கும் படிகின்றன. தடித்த புதுப் பேடுக்காக அதை அப்படியே உள்ளே தள்ளினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். முதலில் சோப்பு நீரும் தூரிகையும் கொண்டு கழுவுதல் வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், என்ஜின் ஆயில் இவை ரப்பர் வளையத்தை உப்பச் செய்யும், ஒருபோதும் ஆகாது. இரண்டாவது, கேலிப்பர் நகரும் பின்கள் வறண்டுபோதல். அவற்றிற்குப் பிரேக்குக்கென்றே உள்ள கிரீஸ் இட வேண்டும். மூன்றாவது, பேடு தேய்ந்திருந்த காலத்தில் ஆயிலை நிரப்பி வைத்தமை. பிஸ்டன் உள்ளே சென்றதும் ஆயில் அளவுக்கோட்டுக்கு மேல் ஏறுகிறது. சூட்டில் விரிய இடமின்றித் தானே பிரேக்கைப் பிடிக்கிறது. மிகுதியை எடுத்துவிட வேண்டும்.

இறுகிய பிரேக்கின் தீங்கு ஒலியன்று, வெப்பமே. டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாயின் 230 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அவ்வளவு 155 பாகையே. ஆயில் கொதித்து ஆவியாயின், கைப்பிடி முழுதும் அழுந்தியும் வண்டி நில்லாது. ஓடி வந்த வண்டியின் டிஸ்க்கைக் கையால் தொடாமல் இரு துளி நீர் தெளித்துப் பாருங்கள். பிரேக்கை அதிகம் பிடிக்காதபோதும் நீர் சுரீரென்று ஆவியாயின், மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

பேடு மாற்றிய பின், புறப்படுமுன் கைப்பிடி கெட்டிப்படும்வரை பலமுறை அழுத்துங்கள். முதல் சில நாட்கள் மெல்ல மெல்லப் பிரேக் பிடித்துப் பழக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மெக்கானிக்கிடம் கூலி கொடுக்குமுன் சக்கரத்தை ஒருமுறை சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.