ஈந்தணைவி கொள்வதும் உண்டு

கலைச்சொல் வெறும் பெயரன்று. பொருளை எவ்வாறு நோக்க வேண்டும் என மாணாக்கர்க்குக் காட்டும் கைவிளக்காகும். அவ்விளக்கு ஒரு புறத்தை மட்டும் காட்டுமாயின் மறுபுறம் இருளில் நின்றுவிடும். வேதியியலில் வழங்கும் ‘ஈந்தணைவி’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

உலோக அணுவிற்குத் தன் எலக்ட்ரான் இணையை ஈந்து, அதனோடு அணைந்து நிற்பது ஈந்தணைவி. 1893-இல் ஆல்ஃபிரட் வெர்னர் அணைவுச் சேர்மக் கொள்கையை வகுத்தார். அதன்பின் நெடுங்காலம், எலக்ட்ரான் மாற்றம் உலோகத்தின் தொழில் என்றும், ஈந்தணைவி துணை நிற்பது என்றுமே பெரிதும் கருதப்பட்டது. 1966-இல் டென்மார்க் நாட்டு அறிஞர் யோர்கென்சன், உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலையைத் தெளிவாக வரையறுக்க இடந்தரும் ஈந்தணைவிகளையே ‘கள்ளமற்றவை’ என்றார். ஏனையவையோ தாமும் எலக்ட்ரானைக் கொள்ளவும் திருப்பிக் கொடுக்கவும் வல்லவை.

இதன் பயன் பெரிது. பல்லாடியம், ரோடியம் முதலிய விலையுயர்ந்த உலோகங்கள் இரண்டு எலக்ட்ரான்களை ஒருங்கே கைமாற்ற வல்லவை. மலிவான இரும்போ பெரும்பாலும் ஒவ்வொன்றாகவே மாற்றும். ஈந்தணைவி எலக்ட்ரான் சேமகமாக நின்று உதவின், இரும்பும் அவ்வருந்தொழிலை ஆற்றும். 2006-இல் அமெரிக்க அறிஞர் பால் சிரிக்கும் அவர்தம் குழுவினரும், இரண்டு இரட்டைப் பிணைப்புகளை இணைத்து நான்கு கார்பன் வளையம் ஆக்கும் வினையை இரும்பு வினையூக்கியால் நிகழ்த்திக் காட்டினர். இயற்கை இதனை முன்பே அறியும். கேலக்டோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதி ஆல்கஹாலை ஆல்டிஹைடாக மாற்றுகையில் இரண்டு எலக்ட்ரான்களைப் பெறுகிறது. ஒன்றைத் தாமிரமும், மற்றொன்றை அதனோடு பிணைந்த டைரோசின் தனி உறுப்பும் ஏற்கின்றன.

ஆகவே ‘ஈந்தணைவி’ என்பதைக் கைவிட்டு ‘லிகண்ட்’ என்றே எழுதலாமா? கூடாது என்பதே நம் கருத்து. அவ்வயற்சொல்லின் இலத்தீன் வேர் ‘கட்டுதல்’ என்று மட்டுமே பொருள்படும். கொள்ளுதலை அதுவும் கூறவில்லை. எள்ளின் நெய்யைக் குறித்த ‘எண்ணெய்’ இன்று எல்லா நெய்மங்களுக்கும் பெயராயிற்று. சொல் மாறவில்லை, பொருள் விரிந்தது. அங்ஙனமே ஈந்தணைவிக்குரிய வரையறையில், ‘சில ஈந்தணைவிகள் எலக்ட்ரானை ஏற்று வைத்துத் திருப்பி அளிப்பதும் உண்டு’ என ஒரு தொடரைச் சேர்த்தல் போதும்.

அத்தொடரை எழுத வேதியியலார் மட்டும் போதார். தமிழாசிரியர் மட்டும் அமர்ந்தாலும் ஆகாது. இரு துறையினரும் ஒரே மேசையில் அமர்தல் வேண்டும். கொள்வினையும் கொடுப்பினையும் துறைகளுக்கிடையே நிகழ்ந்தாலன்றி அறிவியல் தமிழ் வளராது.