பிற சமயப் பிள்ளையும் நம் பாடசாலையும்

தம் பிள்ளையைப் பிற சமயத்தார் நிறுவிய பாடசாலையிலே சேர்க்கலாமா என்னும் வினா திருகோணமலைக்குப் புதியதன்று. துறைமுகத்தை அண்டி வளர்ந்த நகர் இது. கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசலின் பாங்கொலியும் ஒரே காற்றிலே கலந்து வருவன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இம்மாவட்டத்திலே எந்த ஓர் இனமும் மொத்தத் தொகையிற் பாதியை எட்டவில்லை. ஆகவே சைவப் பெற்றார் கத்தோலிக்கர் நிறுவிய பாடசாலையை நாடுவதும், முஸ்லிம் பெற்றாரும் கிறிஸ்தவப் பெற்றாரும் இந்துப் பாடசாலையை நாடுவதும் இங்கே வியப்பிற்குரியனவல்ல. இவ்வாறு தேர்ந்தெடுத்தல் தகுமா என்று பெற்றாரையே நாம் வினவி வருகின்றோம். அவ்வினாவைப் பாடசாலையை நோக்கியும் எழுப்புதல் வேண்டும் என்பதே என் கருத்து.

இந்துப் பாடசாலைகள் ஏன் தோன்றின என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் பயின்றவர். அங்கேயே ஆசிரியராயும் இருந்தவர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்குவதிலே துணைபுரிந்தவர். அத்தகையவரே 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கொழும்பிலே பௌத்தர்கள் 1886இல் ஆனந்தாக் கல்லூரிக்கு வித்திட்டனர். பின்னாளில் ஸாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த கல்விக்கூடத்தை முஸ்லிம்கள் 1892இல் அமைத்தனர். திருகோணமலை இந்துக் கல்லூரியின் தோற்றம் 1897இல் நிகழ்ந்தது. இவை யாவற்றிற்கும் அடிப்படை ஒன்றே: கல்விக்கு விலையாகப் பிள்ளையின் சமயத்தைக் கொடுக்க அப்பெற்றார் இசையவில்லை. பிள்ளையின் மனச்சாட்சிக்கு மதிப்பு வேண்டும் என்ற கோரிக்கையே நம் பாடசாலைகளின் அத்திவாரம். அக்கோரிக்கையை அன்று பிறரிடம் வைத்த நாம், இன்று நம் வாயிலில் வந்து நிற்கும் பிள்ளைக்கு அதனை மறுத்தல் நியாயமாகுமா?

வரலாற்றின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 1892இல் காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகளார், மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலே கத்தோலிக்கத் துறவியரிடம் பயின்றார்; பின்பு யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியிலே கற்பித்தார். அவர் சமயம் அதனாற் குன்றவில்லை. இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாய், திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராய், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார். இதனால் அறியக் கிடப்பது யாது? பாடசாலையின் பெயர் ஒன்றே பிள்ளையின் சமயத்தைத் தீர்ப்பதில்லை என்பதாம். ஆயினும் எல்லாப் பிள்ளைகளும் நாவலராகவோ அடிகளாராகவோ பிறப்பதில்லை. பத்து வயதுச் சிறுவன் காலைப் பிரார்த்தனையிலே கைகூப்புவதா வேண்டாவா என்று பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்துத் தயங்குவான். அத்தயக்கத்தை யார் தீர்ப்பது?

சட்டம் ஒருவாறு வழிகாட்டியிருக்கின்றது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு வந்தன. அவ்வாறு வந்த பாடசாலைகளிலே முதலாந் தரத்துக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்பொழுது, பொறுப்பேற்ற காலத்தில் அங்கிருந்த பல்வேறு சமயப் பிள்ளைகளின் விகிதத்தைக் கருத்திற் கொள்ளுமாறு கல்வி அமைச்சின் சுற்றறிக்கை கூறுகின்றது. சமயத்தார் நடத்திய அப்பாடசாலைகளில் அக்காலத்திலேயே பிற சமயப் பிள்ளைகள் இருந்தனர் என்பதற்கு அதுவே சான்று. மேலும், க.பொ.த. சாதாரண தரத்திலே சமயம் கட்டாய பாடம். சைவநெறி, இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம், பௌத்தம் எனத் தத்தம் சமயத்தையே பிள்ளைகள் கற்றல் வேண்டும்.

இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பாடசாலையிலே பெற்றாரின் இசைவின்றிப் பிள்ளையைச் சமய போதனையிற் பங்குகொள்ளச் செய்தலாகாது என்கின்றது. கேரளத்திலே யெகோவாவின் சாட்சிகள் என்னும் சபையைச் சார்ந்த மூன்று பிள்ளைகள், தேசிய கீதம் இசைக்கும்பொழுது எழுந்து நின்றும் உடன் பாடாமையால் 1985இல் பாடசாலையினின்று விலக்கப்பட்டனர். மரியாதையாக எழுந்து நிற்றலே போதும் என்று கொண்டு, அவர்களை மீளச் சேர்க்குமாறு 1986இல் இந்திய உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாளாநிற்றலும் மரியாதையே என்னும் இக்கருத்து நம் பிரார்த்தனை மண்டபங்களுக்கும் பொருந்தும்.

பயிற்றப்பட்ட தமிழாசிரியன் என்ற முறையிலே இவ்வேறுபாட்டை நான் நாள்தோறும் எதிர்கொள்கின்றேன். ஞானசம்பந்தர் திருகோணமலையைப் பாடிய பதிகத்தையும், உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையும், வீரமாமுனிவரின் தேம்பாவணியையும் தமிழ்ப் பாடவேளையிலே எல்லாப் பிள்ளைகளும் ஒருங்கே படிக்கலாம், படித்தலும் வேண்டும். அங்கே அவை தமிழ்ச் செல்வம். அதே பதிகத்தை வழிபாடாக ஓதும்படி ஒரு முஸ்லிம் பிள்ளையைப் பணித்தால், அது வேறொரு செயலாகிவிடுகின்றது. கற்பித்தல் வேறு, வழிபடுவித்தல் வேறு. இவ்வெல்லையை ஆசிரியர் காப்பாராயின் இருவர் சமயத்துக்கும் இழுக்கில்லை.

எனவே பிற சமயப் பிள்ளையை ஏற்கும் பாடசாலை மூன்று கடமைகளை ஏற்றல் வேண்டும். சமய பாடவேளையிலே அப்பிள்ளையை நூலகத்துக்கோ மரநிழலுக்கோ அனுப்பிவிடுதல் போதாது. அவன் சமயத்தைக் கற்பிக்கத் தக்க ஆசிரியரைத் தேடித் தருதல் முதற் கடமை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழான் விடுமுறை உண்டு. நமக்கு அது இல்லை. ஆகவே நோன்பிருக்கும் பிள்ளையை நண்பகல் வெயிலிலே ஓடவைக்காதிருத்தலும், பெருநாளன்று பரீட்சை வையாதிருத்தலும் இரண்டாவது. வாணி விழாவிலே அவனுக்கு இடமளித்து, திருநீறும் பிரசாதமும் பெறுவதை அவன் விருப்பிற்கு விடுதல் மூன்றாவது.

இவற்றுக்கு மறுப்புக் கூறுவாரும் உளர். அவரவர் பிள்ளை அவரவர் பாடசாலையிலே படித்தால் இத்தொல்லைகள் இல்லையே என்பர். அக்கூற்றைப் புறந்தள்ளுதல் எளிதன்று. 2018இல் நம் நகரின் இந்து மகளிர் கல்லூரி ஒன்றிலே முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா உடை பற்றி எழுந்த பிணக்கு, வீதிக்கு வந்து, மனித உரிமைகள் ஆணைக்குழு வரையிற் சென்றது. தன் மரபைப் பேண ஒரு பாடசாலைக்கு உரிமை உண்டு. தன் சமயப்படி ஒழுக ஒருவருக்கும் உரிமை உண்டு. இவ்விரண்டையும் முன்கூட்டியே அமர்ந்து பேசி வரையறுத்தல் பெரியோர் கடமை. அஃதன்றி, கதவை அடைத்தலே மருந்தென்றால், ஒரே தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சைவ, கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்து, பின்பு சந்தையிலும் அலுவலகத்திலும் அயலவராய்ச் சந்திப்பர். அவ்வறியாமை இந்நகருக்கு எத்துணைத் தீங்கு விளைக்கும் என்பதை யுத்த காலத்தைக் கண்டவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பெற்றாருக்கும் கடமை உண்டு. பரீட்சைப் பெறுபேறு ஒன்றையே நோக்கிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, அப்பாடசாலையின் கோயிலையோ சிற்றாலயத்தையோ வெறுத்தல் முறையன்று. சேர்க்குமுன் அதிபரைக் கண்டு, "என் பிள்ளையின் சமயத்தைக் கற்பிப்பார் யார்? பிரார்த்தனையில் அவன் எவ்வாறு நிற்பான்?" என்று தெளிவாகக் கேட்டல் வேண்டும். தக்க மறுமொழி கிடையாதவிடத்து வேறு பாடசாலையை நாடுதலே நன்று. சேர்த்த பின் வீட்டிலே சமயத்தை வளர்த்தல் அவர்தம் பொறுப்பு. வீட்டில் விளக்கேற்றாதவர், பிறர் விளக்கு தம் பிள்ளையின் கண்ணைக் கூசச் செய்வதாகக் குறைகூறல் பொருந்தாது.

பழைய மாணவர்களாகிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழா நினைவாகக் கட்டடமும் வாயில் வளைவும் எழுப்ப நாம் பொருள் திரட்டுகின்றோம், அது நன்றே. அதனோடு, நம் கல்லூரியிலே பயிலும் பிற சமயப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்தம் சமயத்தைக் கற்பிக்க ஆசிரியர் உளரா என்பதையும் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலே அதிபரிடம் கேட்டறிவோமாக. இல்லையெனில் வலயக் கல்வி அலுவலகத்துக்கு முதல் விண்ணப்பம் நம் சங்கத்தினின்றே செல்லட்டும். நியமனம் வரும் வரையில் ஓர் அறையையும் வேண்டிய பாடநூல்களையும் நாமே உதவலாம். ஓர் இந்துக் கல்லூரி இஸ்லாம் ஆசிரியரைக் கேட்டு விண்ணப்பிப்பதாற் சைவம் தாழ்வடையாது. அன்று சைவப் பிள்ளைக்காக நாவலர் கேட்ட நீதியையே நாம் இன்று அயற் பிள்ளைக்காகக் கேட்கின்றோம்.