கணினியின் பிணியும் அதன் பரிகாரமும்

வீட்டுக் கணினி இக்காலத்தில் செல்வர் மனையை அலங்கரிக்கும் பொருள் அன்று. மஞ்சக்குப்பத்துத் தெருக்களில் வாழும் எளிய குடும்பங்களுக்கும் அஃது இன்றியமையாத கருவியாயிற்று. உதவித்தொகை விண்ணப்பமும், சாதிச் சான்றும், பரீட்சைக் கட்டணமும், உத்தியோக மனுவும் அதன் வழியே செல்கின்றன. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாக, அதுகாறும் இத்தகைய கருவியைக் கண்டிராத இல்லங்களிலும் அது புகுந்தது. மூத்த மகன் பள்ளியிற் பெற்ற கணினியே தங்கையின் பாடத்திற்கும் தந்தையின் கணக்கிற்கும் உதவுவதை நம்மூரில் காணலாம். ஆதலின் அக்கருவி நோயுறுமாயின் ஒரு குடும்பத்தின் காரியங்கள் பலவும் உடன் நின்றுவிடுகின்றன.

அந்நோயின் குறிகளை யாவரும் அறிவர். பொத்தானை அழுத்திப் பல நிமிஷங்கள் சென்ற பின்னரே திரை தெளிகின்றது. ஒரு கோப்பைத் திறக்க முயன்றால் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கின்றது. திடீரென்று டெஸ்க்டாப்பில் உள்ள சின்னங்களும் கீழ்ப்பட்டையும் மறைந்து, சற்றுநேரங் கழித்து மீண்டும் தோன்றுகின்றன. சிலபோது திரை முழுதும் நீலமாகிக் கணினி தானே நின்று எழுகின்றது. இந்நிலையில் அதனைக் கடைக்கு எடுத்துச் செல்வோர் பெரும்பாலும் கேட்கும் தீர்ப்புகள் இரண்டே: ஒன்று, “ஃபார்மட் பண்ணிவிடலாம்” என்பது, மற்றொன்று, “இது பழசு, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்” என்பது. இவ்விரண்டும் இறுதியிற் கூறவேண்டியவை, முதலிற் கூறத்தக்கவை அல்ல என்பதே நமது கருத்து.

நாடி பாராமல் மருந்து கொடுப்பவனை நாம் வைத்தியன் என்று கொள்வதில்லை. ஃபார்மட் என்பது கணினியில் உள்ளவற்றை அழித்து, யாவற்றையும் புதிதாக எழுதுவதாகும். நோய் மென்பொருளில் இருப்பின் அதனால் குணமுண்டாகும். ஹார்ட் டிஸ்க் பழுதுற்றிருந்தாலோ, உள்ளே தூசி அடைத்து வெப்பம் மிகுந்திருந்தாலோ, சில நாட் கழித்து அதே நோய் திரும்பவும் வரும். காரணம் அறியப்படாததோடு, அதனைக் காட்டவல்ல அடையாளங்களும் அழிந்துபோகின்றன. மாணாக்கன் எழுதிய ஆய்வேடும் குடும்பத்தின் நிழற்படங்களும் சேர்ந்து அழியுமாயின், அந்நஷ்டத்தை ஈடுசெய்வார் யார்?

காரணத்தை நாடும் வழக்கம் கணினித் துறையின் பிறப்போடு பிறந்தது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்ட மார்க் இரண்டு என்னும் கணிப்பொறி பிழைபட்டது. அதனை இயக்கியோர் பகுதி பகுதியாக ஆராய்ந்து, ஒரு மின்தொடர்பியின் இடையே விட்டிற்பூச்சி ஒன்று சிக்கிக் கிடப்பதைக் கண்டனர். அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டி, கண்ட விவரத்தையும் எழுதிவைத்தனர். பொறியின் குற்றத்தைப் பூச்சி என்று சொல்லும் வழக்கு அதற்கு முன்னரே உண்டு. எனினும் அவர்கள் உண்மைப் பூச்சியையே கண்டுபிடித்தார்கள். தேடியமையும் எழுதிவைத்தமையும் ஆகிய இரண்டும் நமக்கு வேண்டிய குணங்களாம்.

ஆராய்ச்சிக்கு முன் செய்யற்பாலது ஒன்றுண்டு. கணினி ஓரளவேனும் இயங்கும்போதே முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டிலோ பென் டிரைவிலோ பிரதியெடுத்து வைத்தல் வேண்டும். 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் தானே புயல் நம் கடற்கரையைக் கடந்ததும், 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளமும், நம்மூரார் மறக்கக்கூடியன அல்ல. ஒரே இடத்தில் வைத்த பொருளுக்கு உறுதியில்லை என்பதை அவை போதித்தன. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்னும் ஓசை கேட்குமாயின், மேலும் சோதனை செய்து அதனை வருத்தாமல், கணினியை அணைத்துவிட்டு, கோப்புகளை மீட்க அறிந்தோரை நாடுவதே நலம்.

பின்னர் வினவத் தொடங்கலாம். இயக்கிய உடனே நன்றாயிருந்து, அரைமணி கழித்துத் தளர்கின்றதா? அங்ஙனமாயின் வெப்பத்தை ஐயுறுக. சூடு மிகும்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியின் தூசியை நீக்கினால் அது தேறும். தொடக்கமுதலே தாமதமா? டாஸ்க் மேனேஜர் என்னும் பகுதியைத் திறந்து, ராம் நிரம்பியுள்ளதா, ஹார்ட் டிஸ்க் ஓயாது நூற்றுக்கு நூறு உழைக்கின்றதா என்று நோக்குக. கணினி எழும்போதே உடன் எழும் வேண்டாத நிரல்களை அங்கேயே நிறுத்தலாம். இரண்டு வைரஸ் தடுப்பு நிரல்களை ஒருங்கே நிறுவி, அவை ஒன்றையொன்று தடுப்பதால் கணினி திணறுதலும் உண்டு.

டெஸ்க்டாப் அடிக்கடி மறைந்து தோன்றும் நோய்க்குத் தனிச் சோதனை உண்டு. விண்டோஸில் டெஸ்க்டாப்பையும் கீழ்ப்பட்டையையும் கோப்புறைகளையும் காட்டுவது எக்ஸ்புளோரர் என்னும் ஒரே நிரலாம். அது விழுந்தால் யாவும் மறையும். அது மீண்டும் எழுந்தால் யாவும் தோன்றும். கணினியைச் சேஃப் மோட் என்னும் முறையில் இயக்கிப் பார்க்க வேண்டும். அதில் இன்றியமையாத பகுதிகள் மட்டுமே இயங்கும். அப்போது நோய் தோன்றாதாயின், பிற்காலத்தில் நாம் சேர்த்த ஏதோ ஒரு நிரலையோ, ஒரு கருவிக்குரிய டிரைவரையோ ஐயுறலாம். அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்திக் குற்றவாளியைக் காணலாம். சேஃப் மோடிலும் நோய் தொடருமாயின், விண்டோஸின் கோப்புகளோ உறுப்புகளோ பழுதுற்றிருக்கலாம். அக்கோப்புகளைச் சரிபார்க்கும் நிரலும், ராமைச் சோதிக்கும் நிரலும் விண்டோஸுடனே வருகின்றன. அவற்றிற்குக் காசு வேண்டுவதில்லை. ஒருபோதில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். ஐந்தை ஒருங்கே மாற்றியபின் குணங் கண்டால், எதனால் குணமுண்டாயிற்று என்பது விளங்காது.

பழங்கணினியின் தாமதத்திற்குப் பெருங்காரணம் பல இடங்களில் சுழலும் தட்டுடைய ஹார்ட் டிஸ்க்கேயாம். அதற்கு மாறாக எஸ்.எஸ்.டி. பொருத்தினால் கணினி புத்துயிர் பெறுதலைக் காணலாம். அச்செலவு புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பகுதியே. மேலும் நம்மூர் கடலை அடுத்தது. உப்புக் காற்று உலோகத் தொடர்புகளை அரிக்கும். மின்சாரம் திடீரென நிற்கும்போது எழுதிக்கொண்டிருந்த கோப்புகளும் சிதையக்கூடும். இவை நம்மூரில் மறவாது கருதவேண்டியவை.

இங்கே அறநெறி பற்றியும் ஒரு சொல் கூறவேண்டியுள்ளது. ஃபார்மட் செய்தபின் களவுப் பிரதியான விண்டோஸை நிறுவித் தருவாரும் உளர். அத்தகைய பிரதியில் தீங்கு செய்யும் நிரல்கள் மறைந்திருத்தல் கூடும். இல்லாவிடினும் களவு களவேயாம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரின் பொதுவான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதி பழங்கணினிகள் பலவற்றிற்கு இல்லை. அவற்றிற்கு லினக்ஸ் என்னும் கட்டணமற்ற நேர்வழி உண்டு. நம் நாட்டுச் சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸ் அவ்வகையினதே. தமிழிலும் அதனைப் பயன்படுத்தலாம்.

“இத்துணை முயற்சி எதற்கு? காலமும் பொருளன்றோ?” என்று வினவுவாரும் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. தாய்ப்பலகை எரிந்துபோன கணினிக்குச் செலவு செய்வது வீண். பாட்டரி உப்பியிருப்பின் அது தீப்பற்றக்கூடியது. உடனே விலக்குதல் வேண்டும். அத்தகைய கணினிகளைக் குப்பையில் எறியாது, 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே கடன். ஆயின் இறந்தது என்னும் தீர்ப்பும் விசாரணைக்குப் பின் வரவேண்டும். கூலிக்கு உழைக்கும் ஒரு தந்தை புதிய கணினிக்காகக் கடன்பட்டபின், பழையதன் குற்றம் தூசியே என்று தெரிந்தால், அவர்க்கு யார் மறுமொழி கூறுவர்?

ஆதலின் நம் கலாசாலையாருக்கு ஒரு விண்ணப்பம் செய்துகொள்கின்றோம். வாரத்தில் ஒருநாள் மாலை, கணினியியல் மாணாக்கரும் பௌதிக மாணாக்கரும் ஆசிரியர் முன்னிலையில் அமர்ந்து, அயலார் கொணரும் கணினிகளைக் கூலியின்றிப் பரிசோதிக்கலாகாதா? ஒவ்வொன்றின் குறியையும் காரணத்தையும் பரிகாரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால், சில ஆண்டுகளில் அதுவே நம்மூர்க்குப் பயனுள்ள நூலாகும். எளியோரின் பணம் வீணாகாது. மாணாக்கரும் புத்தகத்திற் கற்றதைக் கையாற் கற்பர். நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட பொருள்களுக்கு நாம் உக்கிராணக்காரரேயன்றி உடையவரல்லேம் என்று இக்கலாசாலை நமக்குப் போதித்துள்ளது. கல்விக்கும் அவ்வுக்கிராணத்துவம் உரியதே. கற்றதை அயலார்க்குப் பயன்படுத்தும் அத்தொண்டினை வரும் கல்வியாண்டிலேயே தொடங்குவோமாக.