அந்த சர்டிபிகேட்டை யார் கேட்கிறார்கள்?



“டிப்ளமோ முடிக்கப் போறியா? சரி, அடுத்து என்ன கோர்ஸ் போடப் போறே?” இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்த மூன்றாம் ஆண்டு மாணவர் நம்மில் யாராவது உண்டா? டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், ரேஷன் கடை கியூவில்கூட விடுவதில்லை. “வெறும் டிப்ளமோவை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவே? கூட ஒரு சர்டிபிகேட் இருந்தாத்தான் சம்பளம்” என்று அறிவுரை வேறு!

திருவொற்றியூர் தேரடியில் பஸ் ஏறி விம்கோ நகர், எர்ணாவூர், கத்திவாக்கம் என்று வந்து பாருங்கள். எத்தனை போஸ்டர்கள்! ‘15 நாளில் லெவல் டூ’, ‘100 சதவீத வேலைவாய்ப்பு’, ‘வளைகுடா நாடுகளில் லட்சத்தில் சம்பளம்’. போஸ்டரில் ஹெல்மெட் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே நிற்பார். எந்த வேலையைச் செய்து அவர் சிரிக்கிறார் என்பது மட்டும் தெரியாது.

சர்டிபிகேட் வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. சரியான சான்றிதழ் ஒரு டிப்ளமோக்காரனின் வாழ்க்கையையே தூக்கி நிறுத்தும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள் என்கிறேன். அந்த சர்டிபிகேட்டை யார் கேட்கிறார்கள்? சட்டம் கேட்கிறதா? வேலையைக் கொடுக்கிற கம்பெனி கேட்கிறதா? இல்லை, அதை விற்கிற கடைக்காரர் மட்டும்தான் கேட்கச் சொல்கிறாரா?

சட்டம் கேட்கும் சான்று

முதலில் பாய்லரை எடுத்துக்கொள்வோம். 1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போயின. அதன் பிறகுதான் 1864-இல் வங்காளத்தில் பாய்லருக்கு என்று சட்டம் வந்தது. 1923-இல் நாடு முழுவதற்குமான இந்திய பாய்லர்கள் சட்டம். 2025-இல் அதன் இடத்தில் புதிய பாய்லர்கள் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. தகுதிச் சான்று பெற்ற ஆள் பொறுப்பில் இல்லாமல் பாய்லரை ஓட்டக் கூடாது. பெரிய பாய்லர் என்றால் பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் சான்று உள்ளவர் வேண்டும். சுருக்கமாக பி.ஓ.இ. என்பார்கள்.

இதன் அர்த்தம் என்ன? மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனி முதலாளிக்கு உங்களைப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். ஆனால் அந்தச் சான்று உள்ள ஒருவர் இல்லாமல் அவர் ஸ்டீம் எடுக்க முடியாது. அப்போது சம்பளம் பேசும்போது நாம் கையைக் கட்டி நிற்க வேண்டியதில்லை. சான்றிதழ் சம்பளத்தை உயர்த்துவது இப்படித்தான். காகிதத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்க முடியாது என்பதுதான் அதன் பலம்.

ஆனால் இது 15 நாளில் வராது. பாய்லர் ஹவுஸில் அனுபவம் கேட்பார்கள். எழுத்துத் தேர்வு, அதன் பிறகு வாய்மொழித் தேர்வு. நடத்துவது அரசாங்கம். இதற்கு போஸ்டர் ஒட்ட ஆள் இல்லாததால் நம்மில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

எலெக்ட்ரிக்கல் தோழர்களுக்கு ‘சி’ லைசென்ஸ் இருக்கிறது. கிண்டியில் உள்ள தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் சூப்பர்வைசர் தகுதிச் சான்று அது. மின் கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றால் அந்தச் சான்று உள்ள ஆள் அவரிடம் இருந்தாக வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் எத்தனை குடோன்கள், எத்தனை ஒர்க்‌ஷாப்கள்! எல்லாவற்றுக்கும் மின் இணைப்பு வேண்டும், அந்த வேலையை மேற்பார்க்க ஆள் வேண்டும். நம் செட்டில் எத்தனை பேர் இதற்கு விண்ணப்பிக்கும் யோசனையில் இருக்கிறோம்? கை தூக்குங்கள் பார்க்கலாம்!

கம்பெனி கேட்கும் சான்று

இரண்டாவது வகையில் சட்டத்தைவிட கான்ட்ராக்ட் பேப்பர் பெரிது. வெல்டிங் இதில் வரும். பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திவிட்டு, வெல்டரே சுற்றி வந்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் வெல்டு போட வேண்டும். இதுதான் 6ஜி டெஸ்ட். ரிஃபைனரி, பவர் ஹவுஸ், கப்பல் கட்டும் தளம் எங்கே போனாலும் “6ஜி பாஸ் பண்ணியிருக்கியா?” என்பதே முதல் கேள்வி. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி, ஒரு முறையில் ஆறு மாதம் வெல்டிங் செய்யாமல் இருந்தால் அந்த முறையில் பெற்ற தகுதி போய்விடும். ஆக, இதை பீரோவில் பூட்டி வைத்துப் பயனில்லை. கை ஓடிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு உயிர்.

அடுத்தது என்.டி.டி. பொருளை உடைக்காமல் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. அல்ட்ராசானிக், ரேடியோகிராஃபி, பெனட்ரன்ட் என்று பல முறைகள். மணலியில் ஷட்டவுன் வந்தால் சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான ஜாயின்ட்டுகளைச் சோதித்தாக வேண்டும். நல்ல டெக்னீஷியனுக்கு அப்போது கிராக்கி. அதனால்தான் இந்த ‘லெவல் டூ’ சர்டிபிகேட்டுக்கு இவ்வளவு போஸ்டர்கள்.

போஸ்டர் சொல்லாத விஷயத்தை நான் சொல்கிறேன். நம் ஊரில் அதிகம் பேசப்படும் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறைப்படி லெவல் ஒன், லெவல் டூ சான்று தர வேண்டியவர் நீங்கள் வேலை செய்யும் கம்பெனிதான். பயிற்சி நேரம், சைட்டில் வேலை பார்த்த அனுபவ நேரம், பொதுத் தேர்வு, குறிப்பிட்ட துறைத் தேர்வு, செய்முறைத் தேர்வு எல்லாம் சேர்ந்துதான் சான்று. வருடா வருடம் கண் பரிசோதனைகூட உண்டு. வேலையை விட்டால் அடுத்த கம்பெனி தன் விதிப்படி மறுபடி சான்று தர வேண்டும். ஆக, பயிற்சி நிலையம் தருவது நீங்கள் பயிற்சி பெற்றீர்கள் என்பதற்கான ஆதாரம். அதுவும் தேவைதான். ஆனால் அதுவே முழுச் சான்று ஆகாது. கம்பெனி மாறினாலும் கூடவே வரும் சான்று வேண்டும் என்றால் ஐ.எஸ்.ஓ. 9712 முறை இருக்கிறது. அதில் தேர்வு வைப்பதும் சான்று தருவதும் தனி அமைப்பு.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன். மெக்கானிக்கல் டிப்ளமோ, நல்ல மார்க். அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர். அம்மாவின் செயினை அடகு வைத்துப் பணம் கட்டி, இரண்டே வாரத்தில் நாலு முறைகளில் ‘லெவல் டூ’ வாங்கினார். லேமினேஷன் போட்ட நாலு சர்டிபிகேட்! இன்டர்வியூவில் ஒரே கேள்வி: “சைட்ல எத்தனை மணி நேரம் செஞ்சிருக்கே? லாக் புக் எங்கேப்பா?” லாக் புக் என்று ஒன்று இருப்பதையே அன்றுதான் அவர் கேள்விப்பட்டார். பிறகு அவர் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் கான்ட்ராக்டரிடம் ஹெல்ப்பராகச் சேர்ந்து, ஒவ்வொரு நாளும் செய்த வேலையை எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, இரண்டு வருடத்தில் உண்மையான சான்று பெற்றார். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அந்த ஹெல்ப்பர் வேலைக்குச் சேர செயினை அடகு வைக்க வேண்டிய அவசியமே இல்லையே! யோசித்துப் பாருங்கள்.

கம்ப்யூட்டர் பக்கம்

‘நாங்க கம்ப்யூட்டர், எங்களுக்கு பாய்லர் எதுக்கு?’ என்று சிலர் சிரிப்பது கேட்கிறது. உங்களுக்கும் அதே கேள்விதான். நெட்வொர்க் வேலைக்கு சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. 1998-இலிருந்து இருக்கிறது. தேர்வுக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். நம் பணத்தில் 25 ஆயிரத்துக்கு மேல். மூன்று வருடம்தான் செல்லுபடி. நெட்வொர்க் வேலைக்குப் போகிறவருக்கு இது நல்ல முதலீடு. சும்மா பயோடேட்டாவில் ஒரு வரி கூட்ட வேண்டும் என்பவருக்கு இது வீண் செலவு. கேள்வித்தாளை முன்கூட்டியே தருகிறோம் என்று ‘டம்ப்’ விற்பவர்களை நம்பாதீர்கள். பிடிபட்டால் சான்று ரத்து. பிடிபடாவிட்டாலும், ரௌட்டர் முன்னால் நிறுத்தி “இதைச் சரி பண்ணு” என்றால் முழிக்கத்தான் வேண்டும்.

பழைய அறிவுரை, புதிய காலம்

பெரியவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் காலம் வேறு. “ஏ.எம்.ஐ.இ. எழுது, பி.இ.-க்குச் சமம், புரமோஷன் கிடைக்கும்” என்று லேலண்டிலும் ரிஃபைனரியிலும் வேலை பார்த்த மாமாக்கள் இன்றும் சொல்வார்கள். அவர்கள் காலத்தில் அது நூற்றுக்கு நூறு உண்மை. பகலில் ஷிஃப்ட், ராத்திரியில் படிப்பு என்று முன்னுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். ஆனால் 31.05.2013 வரை பதிவு செய்தவர்களுக்குத்தான் மத்திய அரசு அந்தச் சமநிலையை ஏற்கிறது. இன்று சேருகிறவர் அதை நம்பிச் சேரக் கூடாது. நமக்கு வழி, இரண்டாம் ஆண்டு பி.இ.-யில் நேரடியாகச் சேர்வதுதான்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. சான்றிதழுக்கும் வயசாகும். ஒரு காலத்தில் தங்கமாக இருந்தது இன்னொரு காலத்தில் தகரமாகலாம். விம்கோ தீப்பெட்டி ஆலை இன்று இல்லை, மெட்ரோ ஸ்டேஷனில் பெயர் மட்டும் இருக்கிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. ஆலைகளே மாறும்போது காகிதம் மாறாதா?

காசில்லாமலும் வழி உண்டு

நம்மில் பலர் வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அந்தப் பலவீனத்தின் மீதுதான் போஸ்டர் ஒட்டப்படுகிறது. அதனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் மூலம் ஒரு வருட அப்ரென்டிஸ். இதற்கு நாம் காசு கட்ட வேண்டாம், நமக்கு உதவித்தொகை தருவார்கள். முடிவில் மத்திய அரசின் சான்று. என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், தேர்வு எழுதி சான்று வேண்டும் என்றால்தான் 1000 ரூபாய். 2022-இல் ஆரம்பித்த ‘நான் முதல்வன்’ திட்டத்தில் நம் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் பாடங்கள் உண்டு. ஆழமாக வெல்டிங் கற்க வேண்டுமா? திருச்சி பி.எச்.இ.எல்.-இல் 1975-இலிருந்து வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிளாஸ்டிக் துறை என்றால் கிண்டியில் 1968-இலிருந்து சிப்பெட். வெளிநாடு என்றால் 1978-இல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. ஏஜென்ட்டிடம் போவதற்கு முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவோம்?

தோழியருக்கு ஒரு வார்த்தை. “உனக்கு எதுக்கும்மா சைட் வேலை? டேட்டா என்ட்ரி படிச்சா போதும்” என்பார்கள். நம்மோடு அதே லேபில் அதே லேத் ஓட்டியவர்கள்தானே நீங்கள்! கேட்க வேண்டியது அதே கேள்விதான்.

கையெழுத்தின் கனம்

சம்பளத்தைப் பற்றியே பேசிவிட்டேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2020 ஜூலை 1-ஆம் தேதி நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2023 டிசம்பர் 26-ஆம் தேதி ராத்திரி, நம் பக்கத்துப் பெரியகுப்பம் கடலடியில் அம்மோனியா குழாய் கசிந்தது. மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் ரோட்டில் ஓடினார்கள். நம் வகுப்புத் தோழர்களின் வீடுகள் அங்கே இருக்கின்றன.

அந்த விபத்துகளுக்கு யார் காரணம் என்று தீர்ப்பு சொல்வது என் வேலை இல்லை. ஆனால் ஒரு பைப்பின் கனத்தை அளந்து ‘சரி’ என்று கையெழுத்துப் போடும் ஆள், 15 நாள் சர்டிபிகேட்டோடு வந்தவராக இருந்தால்? சான்றை மட்டும் ஒரு கான்ட்ராக்டருக்கு ‘வாடகைக்கு’ விட்டுவிட்டு வீட்டில் தூங்குகிறவராக இருந்தால்? அந்தக் குழாய்க்குப் பக்கத்தில் படுத்திருப்பது நம் பாட்டி, நம் தங்கச்சி. வேலை தெரியாமல் வாங்கிய சான்று நம்மை மட்டும் ஏமாற்றுவதில்லை, நம் ஊரையே ஏமாற்றுகிறது.

யூனியன் என்ன செய்யலாம்?

நம் மாணவர் சங்கத்துக்கு மூன்று யோசனைகளை வைக்கிறேன். ஒன்று, நோட்டீஸ் போர்டில் நிரந்தரமாக ஒரு அட்டவணை: சான்றின் பெயர், அதைக் கேட்பவர் யார், கட்டணம், எத்தனை வருடம் செல்லும், என்ன அனுபவம் வேண்டும். இரண்டு, பாய்லர் துறையிலிருந்தும் மின் உரிமம் வழங்கும் வாரியத்திலிருந்தும் வருடத்துக்கு ஒருமுறை அதிகாரிகளை அழைத்து ஒரு கூட்டம். மூன்று, வேலையில் இருக்கும் நம் சீனியர்கள் எழுதும் ஒரு பதிவேடு. எந்த கோர்ஸ் உதவியது, எது ஏமாற்றியது என்று அவர்கள் கையாலேயே எழுதட்டும். ஒருவர் பட்ட நஷ்டம் நூறு பேருக்குப் பாடமாகட்டும்!

தோழர்களே! கற்கத் தயங்க வேண்டாம், காசு கட்ட மட்டும் தயங்குங்கள். ரசீது புத்தகத்தை எடுத்து வைத்து ஒருவர் பேனாவைத் திறந்தால், சிரித்த முகத்தோடு கேளுங்கள்: “சார், இதை யார் கேட்கிறாங்க? பேர் சொல்லுங்க, நான் போய் விசாரிச்சிட்டு வர்றேன்.”

பதில் சரியாக வந்தால் பணம் கட்டுங்கள். வராவிட்டால் 56சி பிடித்து வீட்டுக்கு வாருங்கள். செயின் அம்மா கழுத்திலேயே இருக்கட்டும்.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்,
எர்ணாவூர்