பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா?

ஹரியாணா மாநிலம் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி, 2025 செப்டம்பரில் தங்கள் ஆயுட்காலச் சேமிப்பில் ரூ. 1 கோடிக்கும் மேல் இழந்தனர். வீட்டுக்குள் திருடர் எவரும் நுழையவில்லை. தொலைபேசியில் வந்த குரலும், காணொலித் திரையில் தெரிந்த முகமும், உச்ச நீதிமன்றத்தின் பெயரில் போலியாகத் தயாரிக்கப்பட்ட ஆணைகளும்தான் அந்தப் பணத்தைக் கொண்டு சென்றன. அந்த மூதாட்டி தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தின் அடிப்படையில், 2025 அக்டோபர் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தாமாகவே முன்வந்து வழக்குப் பதிவு செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, நாடெங்கும் நடந்துள்ள இத்தகைய "டிஜிட்டல் கைது" மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் (சிபிஐ) ஒப்படைத்தது.

இழப்பின் அளவைப் பார்த்தால் நீதிமன்றத்தின் கவலை மிகையல்ல என்பது புரியும். இணையவழிக் குற்றங்களால் 2023-இல் மக்கள் இழந்தது ரூ. 7,465 கோடி. 2024-இல் அது ரூ. 22,845 கோடியாக உயர்ந்துவிட்டதாக மத்திய உள்துறை அமைச்சகமே மக்களவையில் தெரிவித்துள்ளது. ஓராண்டில் மும்மடங்கு!

அறிமுகமில்லாத அழைப்புகளைப் பற்றிய புகார் புதிதல்ல. கடன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று நேரம் காலம் பாராமல் வந்த அழைப்புகளைத் தடுக்க 2007-லேயே பதிவேடு தொடங்கப்பட்டது. 2010-இல் தனி ஒழுங்குமுறை விதிகள் வந்தன. அன்று அது தொல்லை. இன்று கொள்ளை. இரண்டையும் ஒரே மருந்தால் குணப்படுத்திவிடலாம் என்று தொலைத்தொடர்புத் துறை நெடுங்காலம் நம்பியதுதான் தவறு.

இப்போது அரசு பெரிதும் நம்பியிருப்பது, அழைப்பவரின் பெயரைத் திரையில் காட்டும் ஏற்பாடு. இதுகுறித்து 2022-இல் கருத்துக் கேட்ட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்), 2024 பிப்ரவரியில் பரிந்துரை அளித்தது. சந்தாதாரர் கேட்டால் மட்டுமே பெயர் காட்டப்பட வேண்டும் என்பது அன்றைய பரிந்துரை. கேட்காமலேயே அனைவருக்கும் காட்டலாம் என்ற முடிவுக்குத் தொலைத்தொடர்புத் துறையும் ஆணையமும் 2025 அக்டோபரில் வந்து சேர்ந்தன. ட்ரூகாலர் போன்ற செயலிகள் காட்டும் பெயர், பிறர் தங்கள் செல்பேசியில் எப்படிப் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பெரிதும் பொருத்தது. அரசின் ஏற்பாட்டில், சிம் அட்டை வாங்கும்போது அடையாளச் சான்றுடன் அளித்த பெயரே தோன்றும். அந்த வகையில் இது வரவேற்கத்தக்கதே.

ஆனால், யாருடைய பெயர் தோன்றும் என்பதுதான் கேள்வி. மோசடிக் கும்பல் தன் சொந்தப் பெயரில் சிம் அட்டை வாங்குவதில்லை. சில நூறு ரூபாய்க்காகக் கைரேகை வைத்த ஏதோவொரு கூலித் தொழிலாளியின் பெயர்தான் திரையில் தெரியும். உண்மையான பெயர், உண்மையான ஆவணம், ஆனால் பேசுபவர் வேறு! மேலும், மிரட்டல் பெரும்பாலும் வாட்ஸ்ஆப் போன்ற செயலிகள் வழியாகவே தொடர்கிறது. அங்கே இந்த ஏற்பாடு செல்லுபடியாகாது. பழைய 2ஜி செல்பேசிகளுக்கும் இது கிடைக்காது. பொத்தான் வைத்த அந்தச் செல்பேசிகளை இன்னும் கையில் வைத்திருப்போர் யார்? முதியவர்களும் ஏழைகளும்தானே?

பெண்களின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆட்டோ ஓட்டுநரிடமோ, பழுது பார்ப்பவரிடமோ பேசும் ஒரு பெண்ணின் முழுப்பெயர் ஒவ்வொரு முறையும் அந்நியர் ஒருவரின் திரையில் பதியும். எண்ணை மறைக்கும் வசதி பெற்றவர்களின் பெயர் மட்டும் காட்டப்படாதாம். அந்த வசதி சாமானியருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

இதைவிடப் பயனுள்ளது, அதிகம் பேசப்படாத மற்றொரு நடவடிக்கை. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்றும், வங்கி, காப்பீடு, அரசுத் துறைகளின் சேவை அழைப்புகளுக்கு 1600 என்றும் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வணிக வங்கிகள் 2026 ஜனவரி 1-ஆம் தேதிக்குள் 1600 வரிசைக்கு மாற வேண்டும் என்று டிராய் கெடு விதித்தது. பாமரரும் நினைவில் கொள்ளக்கூடிய விதி இது. வங்கி என்று சொல்லிக்கொண்டு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து எவர் அழைத்தாலும் துண்டித்துவிடலாம்.

அந்த விதி நிலைக்க வேண்டுமானால் முதலில் நிறுவனங்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் கணக்கு வைத்திருக்கும் வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி ஒருவர் சாதாரணச் செல்பேசியிலிருந்து அழைத்து, "சரிபார்ப்புக்காக" என் பிறந்த தேதியைக் கேட்டார். மோசடி என்று முடிவுகட்டி, மறுநாள் கிளைக்குச் சென்று புகார் கூறினேன். "அவர் எங்கள் ஊழியர்தான் சார்" என்றார் மேலாளர், சிரித்துக்கொண்டே! வாடிக்கையாளர்கள் ஏமாறுவதற்கான பயிற்சியை வங்கிகளே அளித்துக் கொண்டிருந்தன என்று சொன்னால் அது மிகையாகாது.

வலையமைப்பிலேயே தடுக்க முடியும் என்பதற்குச் சான்று உண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்பை இந்திய எண்ணாகக் காட்டும் தந்திரத்தை முறியடிக்க 2024 அக்டோபர் 22-ஆம் தேதி ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டன. அதுநாள்வரை அவை ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவரின் வீட்டில் ஒலித்துக் கொண்டிருந்தன என்பதுதான் இதன் பொருள். இவ்வளவையும் தடுக்க முடிந்தவர்கள் அதை முன்பே ஏன் செய்யவில்லை?

தொழில்நுட்பத்துக்கு அப்பால் மற்றொன்று இருக்கிறது. இந்த மோசடியின் மூலதனம், காவல் துறை மீதும் புலனாய்வு அமைப்புகள் மீதும் சாமானியருக்கு உள்ள அச்சம். குற்றமே செய்யாதவர்கூட, "உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டுள்ளது" என்ற ஒரு வாக்கியத்தில் நிலைகுலைந்து போகிறார். லூதியாணாவின் பெரிய தொழிலதிபர் ஒருவரே 2024-இல், போலி உச்ச நீதிமன்ற விசாரணையைத் திரையில் கண்டு ரூ. 7 கோடியைப் பறிகொடுத்தார் என்றால், ஓய்வூதியரை நொந்து என்ன பயன்? "டிஜிட்டல் கைது" என்று ஒன்று நமது சட்டத்தில் கிடையாது. காவல் துறையின் ஆஜர் அழைப்பாணையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியிருக்கிறது. இந்த ஒரு தகவல், ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமல்லாமல் ஒவ்வொரு மாநில மொழியிலும், ஒவ்வொரு காவல் நிலைய வாசலிலும் அஞ்சலகத்திலும் எழுதி வைக்கப்பட வேண்டாமா?

வங்கிக் கிளைகளுக்கும் கடமை இருக்கிறது. எழுபது வயதைக் கடந்த ஒருவர் நிரந்தர வைப்பு நிதியை அவசரமாக முடித்து, முன்பின் பணம் அனுப்பியிராத கணக்குக்கு லட்சக்கணக்கில் மாற்றும்போது, "யாருக்கு, எதற்காக?" என்று ஓர் அலுவலர் கேட்டால் போதும். பல மோசடிகள் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மோசடிப் பணம் போய்ச் சேரும் வாடகைக் கணக்குகளைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ஏன் கண்டறிந்து முடக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ரிசர்வ் வங்கியிடம் கேட்டிருப்பதும் இதனால்தான்.

பணம் போனபின் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்தால், அது கணக்கு விட்டுக் கணக்கு மாறுவதற்குள் முடக்கிவைக்க வாய்ப்புண்டு. ஆனால், பிள்ளைகளுக்குத் தெரிந்தால் அவமானம் என்று நாள்கணக்கில் மறைத்து வைப்பவர்கள் ஏராளம். அம்பாலா மூதாட்டியும் அப்படி வாய்மூடி இருந்திருந்தால், அந்தக் கடிதம் உச்ச நீதிமன்றத்தை எட்டியிருக்காது.